பெயர் போடாமல் புகார் கொடுப்பது எப்படி: கடலூர் சிப்காட், புதுச்சேரி தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கு

மொட்டைக் கடிதம் போடுகிறவன் கோழை என்பது மேலே இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு. கான்ட்ராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்ப மெமோ வேண்டாம், விசாரணை வேண்டாம். மறுநாள் காலை கேட் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவர், ஸ்க்ரப்பர் (நச்சு வாயுவைக் கழுவும் கருவி) ஓடுவதில்லை, ஓவர்டைம் பணம் தருவதில்லை, பெர்மிட் இல்லாமல் டேங்க் பக்கத்தில் வெல்டிங் நடக்கிறது என்றெல்லாம் வெளியே சொல்ல வேண்டுமானால் அவர் பெயர் வெளியே தெரியாமல் இருந்தாக வேண்டும். கடலூர் சிப்காட்டில் 2021 மே 13 அன்று ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். எந்த ஆலையானாலும், எது பழுது என்று விபத்துக்கு முன்பே அறியக்கூடியவர்கள் உள்ளே வேலை செய்கிறவர்கள்தான். அவர்கள் பயமில்லாமல் பேச ஒரு வழி இருப்பது ஊருக்கே பாதுகாப்பு.

ஆனால் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. கடிதத்தின் கீழே கையெழுத்து இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் விவரமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். கீழே சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வாயு கசிகிறது, ரியாக்டர் சூடு கட்டுக்குள் இல்லை, ஒருவர் டேங்குக்குள் மயங்கிக் கிடக்கிறார் என்றால் இங்கே எழுதியிருப்பது எதுவும் பொருந்தாது. உடனே வாய்விட்டுக் கத்துங்கள், 112-க்கோ தீயணைப்புக்கான 101-க்கோ அழையுங்கள். உடனடி ஆபத்தை நிர்வாகத்துக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் சொல்லி, அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41எச் பிரிவு தொழிலாளிக்குக் கொடுத்தது. அந்த உரிமை 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பெயரை மறைப்பது நாள்கணக்கில், மாதக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும் தவறுகளுக்கான வழி.

இது எத்தனை பேருக்குத் தெரியும்?

பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் (பிறகு அதை எரித்துவிடுங்கள்) நீங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் போடுங்கள். ஷிப்டில் உள்ள நாற்பது பேருக்கும் தெரிந்தது, மெயின்டனன்ஸ் ஆட்கள் எட்டுப் பேருக்குத் தெரிந்தது, உங்களுக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டும் தெரிந்தது என்று அது பிரியும். எண்ணிக்கை பத்துக்குக் கீழே வரும் வரிகளை அப்படியே கடிதத்தில் ஏற்றக் கூடாது.

இதற்காகப் புகாரையே கைவிட வேண்டியதில்லை. அந்த விவரத்தைப் பலர் அறியக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். "14-ம் தேதி இரவு 2.10-க்கு ஸ்க்ரப்பர் பம்பை நிறுத்தச் சொன்னார்" என்றால் அது அந்த ஷிப்ட் ஆபரேட்டரின் வாக்குமூலம். "பல வாரங்களாக இரவு ஷிப்டில், பெரும்பாலும் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையே, ஸ்க்ரப்பர் பம்ப் நிறுத்தப்படுகிறது" என்றால் அதை ஆபரேட்டரும் சொல்லியிருக்கலாம், செக்யூரிட்டியும் சொல்லியிருக்கலாம், வேலியை ஒட்டிக் குடியிருப்பவர்கூடச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதே விஷயத்துக்காக ஏற்கெனவே ஷிப்ட் இன்சார்ஜிடம் வாய்ச்சண்டை போட்டவர் யார்? சேஃப்டி மீட்டிங்கில் கை தூக்கியவர் யார்? அது நீங்கள்தான் என்றால், கடிதம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். அப்போது குறைந்தது சில வாரம் பொறுங்கள், அல்லது வேறொருவர் எழுதட்டும். பின்னால் சொல்லப்போகும் சங்கத்தின் வழி இன்னும் நல்லது.

யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

யாருக்குமே பெயர் தெரியாமல் எழுதுவது ஒன்று. அதிகாரிக்குப் பெயரைச் சொல்லி, நிர்வாகத்துக்குப் போகாமல் காக்கச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வழிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. தொழிலாளர் ஆய்வு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ம் உடன்படிக்கையை இந்தியா 1949-ல் ஏற்றது. புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் முழு ரகசியமாக வைக்க வேண்டும், புகாரின் பேரில்தான் வந்தேன் என்பதையும் முதலாளியிடம் சொல்லக் கூடாது என்கிறது அதன் 15-ம் கூறு. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 திருத்தம் சேர்த்த 118ஏ பிரிவும் இதையேதான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால் கடிதத்தில் பிரிவு எண்ணை நம்பி நிற்காமல் கோரிக்கையையே தெளிவாக எழுதுங்கள்: "இத்தகவல் நம்பிக்கையின் பேரில் தரப்படுகிறது. புகார் வந்ததையோ, தந்தவர் விவரத்தையோ, இக்கடிதத்தின் நகலையோ நிர்வாகத்துக்குத் தர வேண்டாம்."

அந்த வாசகத்துக்கு இன்னொரு பயன் உண்டு. கம்பெனி தரப்பில் யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கடிதத்தின் நகலைக் கேட்டால், அச்சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவைக் காட்டி அலுவலகம் மறுக்கலாம். சட்ட அமலாக்கத்துக்காக நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரை அடையாளம் காட்டும் எதையும் தரத் தேவையில்லை என்பது அந்தப் பிரிவு. "நம்பிக்கையின் பேரில்" என்ற சொல் கடிதத்திலேயே இருந்தால் அதிகாரியின் கை வலுப்படும்.

சட்டம் இருந்தும் எங்கே உடைகிறது? மனு கைமாறும்போதுதான். தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் அவருடைய விவரங்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் ஊர் அளவிலும் இதே ஓட்டைதான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு அங்கிருந்து துறைக்கும், துறையிலிருந்து "விளக்கம் கேட்டு" கம்பெனிக்கும் அசல் நகலாகவே போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது. முதல்வரின் 1100 உதவி எண்ணிலும் இணையதள மனுவிலும் உங்கள் செல்போன் எண் பதிவாகிவிடும். தெருவிளக்குக்கும் பட்டாவுக்கும் அவை நல்ல வழிகள். வேலை போகும் ஆபத்துள்ள புகாருக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

துபே கொலைக்குப் பிறகு, 2004 ஏப்ரலில், மத்திய அரசு பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசு அலுவலகங்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றில் நடக்கும் ஊழலையும் அதிகார மீறலையும் மத்தியக் கண்காணிப்பு ஆணையத்துக்கு இதன்படி எழுதலாம். நெய்வேலி என்எல்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்றவை இந்த வரம்புக்குள் வரும். தனியார் ஆலைகளும் மாநில அரசுத் துறைகளும் வராது. முறை இது: ஒட்டி மூடிய உறை. மேலே "பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் புகார்" என்ற குறிப்பு மட்டும். அனுப்புநர் பெயர் உறையில் கூடாது. பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தின் தொடக்கத்தில், அல்லது முடிவில், அல்லது தனித் தாளில் இருக்க வேண்டும். பெயரே இல்லாத கடிதத்தை இந்த வழியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தனித் தாளில் பெயரை எழுதி, புகார்க் கடிதத்துக்குள் உங்களைக் காட்டும் எந்த வரியும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே சிறந்தது. குறிப்பை எழுத மறந்தால் அது சாதாரணப் புகாராகிவிடும், பாதுகாப்பும் போய்விடும்.

தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறியது உண்மை. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

எங்கே அனுப்புவது

கடலூரில் குடியிருந்து புதுச்சேரியின் கிருமாம்பாக்கத்திலோ சேதராப்பட்டிலோ வேலை பார்ப்பவர்கள் ஏராளம். புகார் போக வேண்டியது ஆலை இருக்கும் ஊரின் அலுவலகத்துக்கு. கிருமாம்பாக்கம் ஆலையைப் பற்றித் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினால், அந்தக் கடிதம் எல்லை தாண்டித் திருப்பி அனுப்பப்படும் வழியில் இன்னும் நாலு கை மாறும்.

கடலூர் பக்கம் ஆலைப் பாதுகாப்பு, வேலை நேரம், ஓவர்டைம் எல்லாம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கீழ் வருகின்றன. புகை, கழிவுநீர், துர்நாற்றம் ஆகியவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு. புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் எதுவானாலும் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் ஆய்வுத் துறை, தொழிலாளர் துறை, புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். இரு பக்கமும் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, சென்னையிலோ புதுச்சேரியிலோ உள்ள தலைமை அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு பிரதி அனுப்புங்கள். உள்ளூர் மேசையில் ஒன்று தூங்கினாலும் மேலே ஒன்று விழித்திருக்கும்.

பெரிய கம்பெனிகளுக்கு உள்ளேயே ஒரு வழி உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியவையும், வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவையும் ஊழியர்கள் உள்ளேயே புகார் சொல்லும் முறை (விஜில் மெக்கானிசம்) ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-ம் பிரிவு. தணிக்கைக் குழுத் தலைவரிடம் நேராகப் போகவும் அது இடம் தருகிறது. கணக்கு மோசடி, கமிஷன், திருட்டு போன்றவற்றுக்கு இது சில சமயம் பலன் தரும். ஹெச்.ஆர். மெயிலுக்கு அனுப்பாதீர்கள். கம்பெனி இணையதளத்தில் உள்ள கொள்கை ஆவணத்தைப் படித்து, பெயரில்லாப் புகாரை ஏற்பார்களா, யார் திறப்பார்கள் என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கடிதம் எழுதும் முறை

பெயரில்லாக் கடிதத்தைக் குப்பையில் போட அதிகாரிக்கு அனுமதி உண்டு. மத்திய அரசுத் துறைகளில் ஊழியர் மீது வரும் பெயரில்லாப் புகார்களில் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றே உத்தரவு இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு கடிதத்தைக் கையில் எடுக்க வைப்பது அதில் இருக்கும் சரிபார்க்கக்கூடிய விவரம்தான். உங்கள் வார்த்தையை அவர் நம்ப வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. எங்கே போய்ப் பார்த்தால் தெரியும் என்பதை மட்டும் காட்டுங்கள்.

ஸ்க்ரப்பரையே எடுத்துக்கொள்வோம். அமில வாயுவைக் கழுவ காஸ்டிக் கரைசலைப் பம்ப் சுற்றிவிடுகிறது. பம்ப் ஓடாவிட்டால் மின்சாரம் செலவாகாது, காஸ்டிக்கும் தீராது. ஆனால் லாக் ஷீட்டில் பிஎச் அளவு மணிக்கு மணி எழுதப்பட்டிருக்கும், பெரும்பாலும் ஒரே எண்ணாக, ஒரே மையில், ஒரே மூச்சில். ஆகவே கடிதம் இப்படி இருக்கலாம்:

"… ஆலையில் பல வாரங்களாக இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஸ்க்ரப்பர் நிறுத்தப்படுகிறது. சரிபார்க்க: (1) அந்த நேரத்தில் முன்னறிவிப்பின்றி வந்து பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கவும். (2) பம்ப்பின் மின்சாரச் செலவையும் உற்பத்திக் கணக்கையும் ஒப்பிடவும். (3) கடந்த மூன்று மாதம் காஸ்டிக் வாங்கிய பில்லையும் இருப்புப் பதிவேட்டையும் பார்க்கவும். (4) ஸ்க்ரப்பர் லாக் ஷீட்டில் இரவு நேர எண்களைப் பகல் நேர எண்களோடு ஒப்பிடவும். பகலில் வந்தால் எதுவும் தெரியாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காலை 11 மணிக்கு வந்து, டீ குடித்து, குறை இல்லை என்று எழுதிப் போவதை அது கடினமாக்கும். ஓவர்டைம் பற்றியென்றால் கேட் பஞ்ச் பதிவையும் சம்பளப் பட்டியலையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பெர்மிட் இல்லாத வெல்டிங் என்றால் பெர்மிட் புத்தகத்தின் தொடர் எண்களையும், வெல்டிங் கான்ட்ராக்டரின் பில் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு கடிதத்தில் ஒரு தவறு, மிஞ்சினால் இரண்டு. கேன்டீன் சாம்பார், சூப்பர்வைசரின் வாய், போனஸ் என எல்லாவற்றையும் சேர்த்தால் முக்கியமானது மூழ்கிவிடும். அதோடு எந்த டிபார்ட்மென்ட் ஆளின் மனக்குறை இது என்பதும் வெளிப்பட்டுவிடும். ஆள் பெயரைத் திட்டாமல் பதவியைச் சொல்லுங்கள். "நான்", "எனக்கு", "என் எதிரே" ஆகியவை கடிதத்தில் எங்கும் வரக் கூடாது.

எழுதும் நடையும் ஆளைக் காட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் அடிக்கடி போடும் சொல், வழக்கமாகச் செய்யும் எழுத்துப் பிழை, எல்லா வாக்கியத்திலும் மூன்று ஆச்சரியக்குறி, இவையெல்லாம் உங்கள் முத்திரைகள். எழுதி முடித்ததும் ஒரு நாள் விட்டுப் படித்து, அவற்றைச் சாதாரணச் சொற்களால் மாற்றுங்கள். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு நடக்கும் அநியாயம் என்றால் இந்தியில் எழுத வேண்டாம். அந்த ஒரு அறையில் தங்கியிருக்கும் பன்னிரண்டு பேர் மேல் சந்தேகம் நேராகப் போய் விழும். தமிழில் எழுதினால் ஆலை முழுவதும் சந்தேக வட்டத்துக்குள் வரும். அவர்களுக்காக உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதுவது செய்யக்கூடிய பெரிய உதவி.

அச்சும் தபாலும் போனும்

கையெழுத்தில் எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்து லாக் ஷீட்டிலும் லீவ் லெட்டரிலும் கம்பெனியிடம் வருடக்கணக்காக இருக்கிறது.

ஆலை கம்ப்யூட்டர், ஆலை பிரிண்டர், ஆலை வைஃபை மூன்றையும் தொடக் கூடாது. 2017-ல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்பவர் ஓர் அரசு ரகசிய ஆவணத்தை அச்சிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். அந்த ஆவணத்தை அச்சிட்டவர்கள் ஆறே பேர் என்று பதிவேடு காட்டியது. அந்த ஆறு பேரில் அந்தப் பத்திரிகைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் அனுப்பியிருந்தவர் அவர் மட்டுமே. கலர் லேசர் பிரிண்டர்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் தங்கள் வரிசை எண்ணையும் அச்சிட்ட நேரத்தையும் தாளில் பதிக்கின்றன என்பதும் 2005-லேயே வெளிவந்த செய்தி. கறுப்பு வெள்ளை பிரின்ட் போதும்.

ஜெராக்ஸ் கடையில் பெரும்பாலோர் செய்வது, கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடிதத்தை அனுப்பி "அண்ணே, ரெண்டு காப்பி" என்பது. உங்கள் எண்ணும் கடிதமும் அன்றிலிருந்து அந்தக் கடை போனில் இருக்கும். பென்டிரைவில் கொண்டுபோங்கள், ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரில் காப்பி ஆகாமல் பென்டிரைவிலிருந்தே திறந்து அச்சிடச் சொல்லுங்கள். குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கத்துக் கடைகள் வேண்டாம். கடலூர்க்காரர் புதுச்சேரியில், புதுச்சேரிக்காரர் கடலூரில் அச்சிட்டால் உங்கள் முகம் யாருக்கும் பழக்கமில்லை. வேர்டு ஃபைலாகவோ பிடிஎஃப்பாகவோ மெயிலில் அனுப்புவதானால் அதன் பண்புகள் பகுதியில் எழுதியவர் பெயர் இருக்கும். அதை நீக்காமல் அனுப்பாதீர்கள். தாள்தான் இதில் எளிது.

தபாலில் ஸ்பீடு போஸ்ட் வேண்டாம். பதிவுத் தபால் 2025-ல் அதோடு இணைந்துவிட்டது. கவுன்டரில் அனுப்பினால் அனுப்புநர் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் கேட்பார்கள். சாதாரணத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுங்கள். எந்த அஞ்சலகம் என்பது முத்திரையில் தெரியும். சின்ன கிளை அஞ்சலகத்து முத்திரை இருந்தால் அந்தக் கிராமத்து ஆட்கள் மேல் கண் போகும். புதுச்சேரித் தலைமை அஞ்சலகம் போன்ற பெரிய இடத்துப் பெட்டி நல்லது. சாதாரணத் தபாலுக்கு ரசீது கிடையாது. காணாமல் போகலாம் என்பதால்தான் முன்பு சொன்ன இரண்டு பிரதி.

பிரவுசிங் சென்டரில் போய் மெயில் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. 2011 விதிகளின்படி அடையாள அட்டை வாங்கி, பதிவேட்டில் எழுதி, ஓராண்டு வைத்திருக்க வேண்டும். சக தொழிலாளர்களோடு இதைப் பற்றிப் பேசவும் வாட்ஸ்அப் குரூப் கூடாது. குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உங்கள் எண் தெரியும், ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். சிக்னல் செயலியில் எண்ணை மறைத்துப் பயனர்பெயர் மட்டும் காட்டும் வசதி 2024 முதல் இருக்கிறது. செய்தி தானாக அழியும் நேரத்தையும் ஒரு நாளாக வைக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் போனால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. நேரில் நடந்துகொண்டே பேசுவது எல்லாவற்றையும்விட நல்லது, போனை வீட்டில் வைத்துவிட்டு.

படமும் ஆவணமும்

படம் எடுத்து அனுப்பினால்தான் நம்புவார்கள் என்ற ஆசை இயல்பு. அதில்தான் அதிக ஆபத்தும். போன் எடுக்கும் படத்துக்குள் நேரம், போன் மாடல், சில சமயம் இடத்தின் ஆயத்தொலைவும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை நீங்கிவிடுகின்றன, டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகின்றன. இதைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது கோணம். அந்த இடத்தில் நின்று அந்த நேரத்தில் படம் எடுக்கக்கூடியவர் ஒரே ஆள் என்றால், படமே அவர் முகம்தான். கண்ணாடியிலும் எஃகுக் குழாயிலும் தெரியும் பிம்பம், விரல் மோதிரம், பின்னால் கேட்கும் குரல் இவற்றையும் பாருங்கள். பெயரை அடிக்க வேண்டுமானால் முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஹைலைட்டர் பேனாவால் நாலு முறை தேய்த்த கறுப்பு, வெளிச்சம் கூட்டினால் படிக்கத் தெரியும்.

ஆலைக்குள் செல்போனே தடை என்றால் படம் எடுத்ததே ஒழுங்கு மீறலாகி, அதை வைத்தே நீக்கிவிடுவார்கள். பதிவேட்டைத் தூக்கிவந்தால் திருட்டு வழக்கு வரும். எந்த அலமாரியில், எந்தப் பதிவேட்டில், எந்த மாதப் பக்கத்தில் என்று எழுதினால் போதும். பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு இருக்கிறது, நகல் எடுக்கவும் முடியும்.

கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்புவதும் இப்படித்தான். 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி, நிர்வாகத்துக்கு அறிவித்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு வாரியம் எடுத்த மாதிரிதான் வழக்கில் நிற்கும். உப்பனாற்றில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிறம் மாறுகிறது என்ற குறிப்பே அதிகாரியை அங்கே கொண்டுவந்து நிறுத்தும்.

உங்கள் வாய்க்குப் பதில் வேறு வாய்

பெயரை மறைப்பதைவிட உறுதியானது, நிர்வாகத்தால் வேலையை விட்டு எடுக்க முடியாத ஒருவர் பேசுவது. தொழிற்சங்கத்தின் வெளியாள் நிர்வாகி, அதாவது ஆலையில் வேலை செய்யாத நிர்வாகி, அப்படிப்பட்டவர். சங்கத்தின் தாளில் அவர் கையெழுத்தோடு போகும் புகாருக்கு மனு எண் உண்டு, பதில் கேட்கும் உரிமை உண்டு, எந்த உறுப்பினர் சொன்னார் என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. உங்கள் ஆலையில் சங்கம் இல்லாவிட்டாலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் மாவட்ட அளவில் மத்தியச் சங்கங்களின் அலுவலகங்கள் இருக்கின்றன. வேறு பேட்டையிலிருந்து வருபவர்போல் போய்ப் பேசுங்கள். வக்கீல் நோட்டீஸும் இதே வேலையைச் செய்யும். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிட வக்கீலுக்கு அனுமதி இல்லை.

சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் இன்னொரு பலம். 2004 முதல் சிப்காட் பகுதி சமுதாய சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் கிராமத்தினரே எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன நாற்றம் என்று குறித்துவைத்தார்கள், வாளி போன்ற கருவியில் காற்று மாதிரியும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வேலிக்கு வெளியே வரும் நாற்றத்தைப் பற்றி ஊரார் கொடுக்கும் புகாரில் உள்ளே இருக்கும் தொழிலாளியைத் தேட இடமில்லை. எந்த ராத்திரி எந்த நேரத்தில் மூக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிட்டால் போதும்.

நிருபரிடம் போகலாம். செய்தி மூலத்தை வெளியிடும்படி பத்திரிகையாளரைப் பிரஸ் கவுன்சில் தன் முன் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்றத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே நிருபருக்கும் பெயர் தெரியாமல் இருப்பது அவருக்கும் நல்லது. இதில் கிடைக்கும் லாபம் பெரியது. பத்திரிகைச் செய்தியை வைத்தே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதி செய்தது. தெற்கு மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அப்படி எடுத்தால் மனுதாரர் என்று ஒருவரே தேவையில்லை.

எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டே கொடுப்பது என்று முடிவானால், பழைய கப்பல் மாலுமிகள் செய்ததுபோல் கையெழுத்துகளை வட்டமாகப் போடுங்கள். முதல் பெயர் எது என்று தெரியாவிட்டால் தலைவன் யார் என்றும் தெரியாது.

ஆய்வுக்குப் பிறகு

அதிகாரி வந்துபோன அன்று மாலை டீக்கடையில்தான் பலர் மாட்டுகிறார்கள். "வந்துட்டாங்க பாத்தியா" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருக்கக் கூடாது, வழக்கத்துக்கு மாறாக அமைதியாகவும் இருக்கக் கூடாது. ஷிப்ட் இன்சார்ஜ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "யார் போட்ட மனு?" என்று கேட்பார். "ஆபீசர் கேட்டதுக்குக் கம்பெனிதான் சார் பதில் சொல்லணும், எனக்கு என்ன தெரியும்" என்பது போல ஒரு வரியை முன்பே தயார் செய்துவைத்து, அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். மற்றவனைக் கைகாட்டித் தப்பிக்காதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

மனு எண் இல்லாததால் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்க முடியாது. வேறு ஊரில் இருக்கும் உறவினரோ நண்பரோ தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம்: "இந்த ஆலையில் இந்த மூன்று மாதத்தில் நடந்த ஆய்வுகளின் தேதி, அறிக்கை நகல், எடுத்த நடவடிக்கை." ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலும் ஏற்க வேண்டும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது.

மறைக்க முடியாதவை, மீறக் கூடாதவை

உங்கள் சம்பளப் பாக்கி, உங்கள் வேலைநீக்கம், உங்கள் விபத்து இழப்பீடு எதையும் பெயரில்லாமல் வாங்க முடியாது. பணியிடப் பாலியல் தொல்லையும் அப்படித்தான். எழுத்துப்பூர்வமாக, பெயரோடு, மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அந்தச் சட்டத்தின் 16-ம் பிரிவு பெண்ணின் பெயரையும் விவரங்களையும் வெளியிடத் தடை போடுகிறது.

கடிதத்தில் மிரட்டல் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. "சரிசெய்யாவிட்டால் என்ன நடக்கும் பார்" என்பதே மிரட்டலாகிவிடும். பெயர் மறைத்து மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 351(4) கூடுதலாக இரண்டு ஆண்டு வரை சிறை சொல்கிறது. தெரிந்தே பொய்த் தகவல் தருவது 217-ம் பிரிவில் குற்றம். அவதூறு 356-ல் வருகிறது. ஆனால் விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்ல நம்பிக்கையோடு கொடுத்த புகார் அதற்கு விலக்கு. அதே வாசகத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் அந்த விலக்கு உங்களைக் காக்காது.

எல்லாம் செய்தும் சந்தேகத்தின் பேரில் பழிவாங்கத் தொடங்கினால், அதாவது ஷிப்ட் மாற்றம், ஓவர்டைம் நிறுத்தம், அற்பக் காரணத்துக்கு மெமோ என வந்தால், தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். மெமோவுக்கு எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் போய்க் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நோட்டு, மெமோ நகல்கள், சம்பளச் சீட்டுகள், கேட் பாஸின் இருபக்க நகல் இவற்றை எடுத்துப் போங்கள்.